மடகாஸ்கர்: மூன்று வரலாறுகளின் தீவு

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மிகக் குறுகிய இடத்தில் சுமார் 400 கிலோமீட்டர் விலகிக் கிடக்கும் மடகாஸ்கர், கிரீன்லாந்து, நியூ கினி, போர்னியோ ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகின் நான்காவது பெரிய தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 5,87,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல நான்கரை மடங்கு. நிலப்படத்தைப் பார்ப்பவருக்கு அது ஆப்பிரிக்காவிலிருந்து உடைந்து விழுந்த துண்டாகவே தோன்றும். அங்குள்ள விலங்குகளும் மக்களும் ஆப்பிரிக்காவின் நீட்சிதான் என்று எண்ணுவதும் இயல்பு. எனினும் அந்தத் தீவின் நிலம் கடைசியாகப் பிரிந்தது இந்தியாவிடமிருந்து. அதன் பாலூட்டிகளின் முன்னோர் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. அதன் மக்கள் பேசும் மொழி வந்ததோ போர்னியோவிலிருந்து. இந்த மூன்று வரலாறுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதன் விளைவுகளில் ஒன்று தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ‘லெமூரியா’.

ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு புதிரை முன்வைத்தார். மனிதரும் குரங்குகளும் அடங்கிய ‘முதனிகள்’ என்னும் விலங்கு வரிசையின் பழைய கிளை ஒன்றைச் சேர்ந்தவை லெமூர்கள். அவை மடகாஸ்கரில் மிகுதியாக வாழ்கின்றன. அவற்றின் உறவினங்கள் ஆப்பிரிக்காவில் சிலவும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் தேவாங்கு போன்ற சிலவும் உள்ளன. ஆனால் இந்த இடங்களுக்கு நடுவே கிடப்பது கடல். கண்டங்கள் இடம்பெயரும் என்பதை அறியாத அந்தக் காலத்தில், கடலில் மூழ்கிய ஒரு பெருநிலம் இவற்றை இணைத்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்து, லெமூர்களை ஒட்டி அதற்குப் பெயரும் இட்டார். ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெக்கல் மனித இனமே அங்குத் தோன்றியிருக்கலாம் என்று அந்த ஊகத்தை நீட்டினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழறிஞர் சிலர், இறையனார் களவியல் உரை முதலியவை பேசும் கடல்கோளோடு இதைப் பொருத்தினர். உரையாசிரியர் காலத்து மரபும் லண்டன் விலங்கியலாளரின் கணிப்பும் ஒன்றையொன்று அறியாமல் தோன்றியவை. இரண்டாவது பொய்த்துப்போனதால் முதலாவது பொய்யாகவோ, முதலாவது இருப்பதால் இரண்டாவது மெய்யாகவோ ஆகிவிடாது. தேவாங்கைச் சான்றாகக் கொண்டு பிறந்த ஒரு கருதுகோள் தமிழகத்தில் பல தலைமுறைகளாக நிலைத்திருக்க, தேவாங்குக்கென ஒரு சரணாலயம் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 2022இல்தான் அமைந்தது.

நிலத்தின் வரலாற்றை முதலில் காணலாம். தென்கண்டங்கள் அனைத்தும் கோண்டுவானா என்ற ஒரே நிலத்திரளாக இருந்தபோது மடகாஸ்கர் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் சிக்கியிருந்தது. சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது இந்தியாவோடு சேர்ந்தே ஆப்பிரிக்காவை விட்டு நகர்ந்தது. பின்னர், சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெரும் எரிமலைக் கொந்தளிப்போடு இந்தியா அதைவிட்டுப் பிரிந்து வடக்கு நோக்கிச் சென்றது. அந்தப் பிரிவின்போது வெளிவந்த எரிமலைக்குழம்பு மடகாஸ்கரின் கரையோரங்களில் இறுகிக் கிடப்பதைப் போலவே, கர்நாடகத்தின் மல்பே கடற்கரைக்கு அப்பால் உள்ள செயின்ட் மேரித் தீவுகளிலும் ஆறுபட்டைத் தூண்களாக இறுகி நிற்கிறது. இரண்டின் வயதும் ஒத்துப்போகிறது. அதைவிடப் பழைய ஒற்றுமையும் உண்டு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள் தெற்கு மடகாஸ்கரிலும் தமிழகம், கேரளம் ஆகியவற்றிலும் ஒரே குடும்பமாக அமைந்துள்ளன. சென்னையின் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் ‘சார்னகைட்’ என்ற கருநிறப் பாறைக்கு அங்கும் உறவுப்பாறைகள் இருக்கின்றன. நிலத்தைப் பொறுத்தவரை ஸ்கிளேட்டர் தேடிய இணைப்பு மெய்யானதுதான். மூழ்கிய கண்டம் என்று ஒன்று நடுவில் தேவைப்படவில்லை, இணைந்திருந்த நிலங்களே விலகிச் சென்றன.

இந்த விளக்கம் நிலத்துக்குப் பொருந்துகிறதே தவிர லெமூர்களுக்குப் பொருந்தவில்லை என்பதுதான் இதில் வியப்புக்குரிய திருப்பம். லெமூர்களின் முன்னோர் மடகாஸ்கரை அடைந்தது ஏறத்தாழ 5 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. அதற்குள் தீவு ஆப்பிரிக்காவை விட்டு விலகிப் பத்துக் கோடி ஆண்டுகளும், இந்தியாவை விட்டுப் பிரிந்து சுமார் 3 கோடி ஆண்டுகளும் கடந்திருந்தன. நடந்து வரத் தரைவழி ஏதும் எஞ்சவில்லை என்றால் கடல்வழியே வந்திருக்க வேண்டும். பெருவெள்ளத்தில் ஆற்றங்கரை இடிந்து, வேரோடு பெயர்ந்த மரங்களும் கொடிகளும் பின்னிப்பிணைந்து கடலில் இறங்கும் இயற்கைத் தெப்பங்களில் சிறு விலங்குகள் தற்செயலாகக் கடந்திருக்கலாம் என்று அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1940இல் வாதிட்டார்; பல லட்சம் ஆண்டுகளில் ஒரே ஒருமுறை நிகழ்ந்தாலும் போதும் என்பதால் அதைக் குலுக்கல் பரிசுக்கு ஒப்பிட்டார். இன்றைய நீரோட்டம் மடகாஸ்கரிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கி ஓடுவதால் பலர் இதை ஏற்கத் தயங்கினர். தீவு அக்காலத்தில் இப்போதைவிடத் தெற்கே இருந்ததையும், அப்போது நீரோட்டம் அவ்வப்போது கிழக்கு நோக்கி விரைந்து ஓடியிருக்கும் என்பதையும் ஜேசன் அலி, மேத்யூ ஹியூபர் ஆகிய இருவரும் 2010இல் கணினி மாதிரிகளால் காட்டிய பிறகு அந்தத் தயக்கம் பெரிதும் குறைந்தது.

பறந்து வரக்கூடிய வௌவால்களை விட்டுவிட்டால், தீவின் இன்றைய நிலவாழ் பாலூட்டிகளில் மனிதர் கொண்டுவராதவை நான்கே வம்சங்களைச் சேர்ந்தவை: லெமூர்கள், டென்ரெக் எனப்படும் முள்ளெலி போன்ற பூச்சியுண்ணிகள், கீரிகளுக்கு உறவான ஊனுண்ணிகள், ஒருவகை எலிகள். யானையோ சிங்கமோ மானோ வரிக்குதிரையோ குரங்கோ அங்கு இயற்கையாக இல்லை. வந்து சேர்ந்தவற்றில் பல, உணவும் நீரும் அருகும்போது உடல்வெப்பத்தையும் மூச்சையும் தணித்துக்கொண்டு நீள்துயிலில் ஆழக்கூடியவை. கொழுத்த வாலுடைய குள்ள லெமூர் வாலில் சேமித்த கொழுப்பைக் கொண்டு ஆண்டில் ஏழு மாதம் வரை மரப்பொந்தில் உறங்கிக் கிடக்கிறது. பல வாரக் கடற்பயணத்தைத் தாங்கியவை இத்தகைய உடலமைப்பு கொண்டவையே என்ற கருத்து மெய்ப்பிக்கப்படாததாயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. நன்னீர் மீன்களில் மட்டும் இந்தியத் தொடர்பு மங்கலாகத் தெரிகிறது. கேரளத்தார் கரிமீன் என்று விரும்பி உண்ணும் மீனின் நெருங்கிய உறவினங்கள் மடகாஸ்கரின் ஆறுகளில் வாழ்கின்றன. அவை நிலம் பிரிந்தபோதே பிரிந்தவையா, பின்னர்க் கடலைக் கடந்தவையா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

வந்தவை பல்கிப் பெருகியதற்குத் தீவின் தட்பவெப்பம் காரணமாயிற்று. கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கரையை ஒட்டிய மலைச்சரிவில் மோதி மழையைக் கொட்டிவிடுவதால் வடகிழக்கில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்ய, தென்மேற்கில் உள்ள துலியார் நகரம் சுமார் 400 மில்லிமீட்டர் மழையே பெறுகிறது. ஆகவே ஒரே தீவில் மழைக்காடும், குளிர்ந்த மேட்டுநிலமும், இலையுதிர்காடும், முட்காடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தெற்கின் முட்காட்டில் மரங்கள் கிளைக்காமல் கம்பம் போல உயர்ந்து, அடி முதல் நுனி வரை முள் வரிசைகளுக்கு நடுவே சிற்றிலைகளைத் தாங்குகின்றன. சிஃபாகா என்ற வெண்ணிற லெமூர், நிமிர்ந்த உடலோடு ஒரு முட்கம்பத்திலிருந்து மற்றொன்றுக்குப் பல மீட்டர் தாவிப் பற்றியும் காயமின்றித் திரிகிறது. தரையில் இறங்கினால் அதனால் நான்கு காலில் நடக்க முடியாது. கைகளை உயர்த்திப் பக்கவாட்டில் குதித்துக் குதித்தே செல்லும்.

லெமூர்களில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. மேற்கின் இலையுதிர்காட்டில் வாழும் சுண்டெலி லெமூர் ஒன்றின் எடை சுமார் 30 கிராம். முதனிகளிலேயே மிகச் சிறியது அதுதான். கிழக்கின் மழைக்காட்டில் வாழும், வால் குட்டையான இந்திரி 9 கிலோகிராம் வரை எடையுள்ளது. அதன் குடும்பங்கள் காலையில் எழுப்பும் நீண்ட ஓலம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பெரும்பாலான லெமூர் இனங்களில் பெண்ணே மேலாண்மை செய்கிறது. பழம் முதலில் அதற்கு, எஞ்சியதே ஆணுக்கு. இவற்றுள் மிகவும் விந்தையானது அய்-அய். மரங்கொத்தி இல்லாத இத்தீவில் மரங்கொத்தியின் தொழிலை இரவு விலங்கான அய்-அய் மேற்கொண்டுள்ளது: கம்பி போல மெலிந்த நடுவிரலால் மரப்பட்டையை விரைவாகத் தட்டி, பெரிய செவிகளால் உள்ளே துளை இருக்கும் இடத்தை ஒலியால் அறிந்து, வாழ்நாள் முழுதும் வளரும் முன்பற்களால் அங்குக் கடித்துத் துளைத்து, அதே விரலை விட்டுப் புழுவைக் கொக்கியிட்டு இழுக்கிறது. அதன் உருவைக் கண்டு அஞ்சிய சிற்றூர் மக்கள் அதைக் கெட்ட சகுனமாகக் கருதிக் கொல்வதும் உண்டு. பச்சோந்திகளில் உலக இனங்களில் ஏறத்தாழப் பாதி இங்குதான் உள்ளன. முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதமும் வெளியே நான்கைந்து மாதமும் மட்டுமே வாழ்ந்து முடிக்கும் ஒரு வகையும் அவற்றுள் அடங்கும்.

தாவரங்களில் தமிழருக்குப் பழகிய முகங்கள் பல. கோடையில் தெருவெல்லாம் சிவக்கப் பூக்கும் மயிற்கொன்றை, கோயில் நந்தவனங்களிலும் கல்லறைகளிலும் தானாக முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணி, பூங்காக்களில் அழகுக்கு நடப்படும் விசிறி வாழை ஆகிய மூன்றும் மடகாஸ்கரையே தாயகமாகக் கொண்டவை. விசிறி வாழையின் கெட்டியான பூமடல்களைப் பிரித்துத் தேனருந்தும் கருப்பு வெள்ளை லெமூரே அதற்கு அங்கு மகரந்தம் பரப்புகிறது. நித்தியகல்யாணியிலிருந்து 1950களின் பிற்பகுதியில் பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்டினும், அடுத்து வந்த வின்கிரிஸ்டினும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் முதலியவற்றுக்கான மருத்துவத்தை மாற்றியமைத்தன; தமிழகத்தின் தென்மாவட்டங்களில் அது மானாவாரிப் பயிராகவும் பயிரிடப்படுகிறது. மன்னாரில் பெருக்கமரம் எனப்படும் ஆப்பிரிக்க மரத்தின் உறவினங்களில் ஆறு மடகாஸ்கரில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றன.

தீவின் மக்கள் வரலாறு இவற்றையெல்லாம்விடக் குறுகியது, ஒருவேளை இவற்றைவிடவும் வியப்பானது. வடக்கிலிருந்து தெற்குவரை பேசப்படும் மலகாசி மொழி, வட்டார வழக்குகளில் வேறுபட்டாலும், அடிப்படையில் ஒரே மொழி. மலாய், தகலோகு முதலியவை அடங்கிய ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு மிக நெருங்கிய உறவுமொழி, 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால் தென்கிழக்குப் போர்னியோவின் பரிட்டோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மாஅன்யான் என்பதை நார்வே நாட்டு அறிஞர் ஓட்டோ டால் 1951இல் நிறுவினார். மலகாசியில் மலாய், சாவக மொழிகளின் வழியே சேர்ந்த வடமொழிச் சொற்களும் இருப்பதால், அந்தக் குடியேறிகள் தென்கிழக்காசியாவில் இந்தியப் பண்பாட்டின் தாக்கம் பரவிய பின்னரே புறப்பட்டிருக்க வேண்டும் என்று மொழியியலாளர் கணிக்கின்றனர். 2012இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு குடியேறிய, பெரும்பாலும் இந்தோனேசிய வழியினரான ஏறத்தாழ 30 பெண்களின் சிறு குழுவிலிருந்தே இன்றைய மக்களின் தாய்வழி தொடங்குகிறது என்று மதிப்பிட்டது. அதற்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே மனிதர் வந்துபோனதற்கு வெட்டுத்தழும்புள்ள எலும்புகளைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்தச் சான்றுகள் பொதுவாக ஏற்கப்படவில்லை.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த பாந்து மொழியினர் இவர்களோடு கலந்தனர். திமில் மாட்டையும் அவர்களே கொண்டுவந்தனர் என்பதற்கு வீட்டு விலங்குகளுக்கான மலகாசிப் பெயர்கள் பெரும்பாலும் கிழக்காப்பிரிக்க மொழிகளிலிருந்து வந்திருப்பதே சான்று. ஆகவே ஒரு மலகாசி உழவர் வீட்டில் நெல்லும், பக்கமிதவை பொருத்திய படகும், நீள்சதுர வீட்டமைப்பும் கிழக்கை நினைவூட்ட, பட்டியில் நிற்கும் மாடு மேற்கை நினைவூட்டும். நடுமேட்டுநிலத்து மெரினா மக்களிடம் ஆசியக் கூறு மிகுதியாகவும், கரையோர மக்களிடம் ஆப்பிரிக்கக் கூறு மிகுதியாகவும் இருப்பினும், எந்தக் குழுவும் இரண்டில் ஒன்று மட்டுமாக இல்லை.

மக்கள் வந்து வேரூன்றிய காலத்தை ஒட்டியே தீவின் பேருருவ விலங்குகள் மறைந்தன. கொரில்லா அளவு வளர்ந்த ஒரு லெமூர் உட்படக் குறைந்தது 17 லெமூர் இனங்களும், குள்ள நீர்யானைகளும், மூன்று மீட்டர் உயர்ந்த யானைப்பறவையும் அழிந்தன. ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளளவுள்ள யானைப்பறவை முட்டையின் ஓட்டுத்துண்டுகள், தெற்குக் கடற்கரை மணலில் கால்படும் இடமெல்லாம் இன்றும் சிதறிக் கிடக்கின்றன. பறக்க முடியாத அப்பறவைக்கு மிக நெருங்கிய உறவு, அருகிலுள்ள ஆப்பிரிக்காவின் நெருப்புக்கோழி அன்று, நியூசிலாந்தின் கிவியே என 2014இல் மரபணுச் சான்று காட்டியது. வேட்டை மட்டும் இந்த அழிவுக்குக் காரணமாகாது. மேய்ச்சலுக்காக மூட்டிய தீயும் பெருகிய மாட்டு மந்தைகளும் வறட்சியும் சேர்ந்தே அதை நிகழ்த்தியிருக்க வேண்டும்.

இம்மக்களின் வாழ்வில் மூதாதையருக்குள்ள இடம் தனித்துக் கூறத்தக்கது. மேட்டுநிலத்தில், மழையற்ற குளிர்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை நடக்கும் ஃபமதிஹானா என்ற சடங்கில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பக் கல்லறையைத் திறந்து, இறந்தோரின் எச்சங்களை வெளியே எடுத்து, புதிய பட்டுத்துணியில் சுற்றி, இசைக்கருவிகள் முழங்கத் தோளில் சுமந்து ஆடி, குடும்பச் செய்திகளை அவர்களிடம் சொல்லி, மீண்டும் உள்ளே வைக்கின்றனர். விருந்துக்கு உறவினர் அனைவரும் கூடுவதால் செலவு குடும்பத்தைக் கடனில் தள்ளுவதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை தலைநகர் அந்தனனரிவோவின் உட்பகுதியில் கல் இறந்தோருக்கு உரியது, உயிருள்ளோர் மரவீட்டிலேயே வாழ வேண்டும் என்ற விதி இருந்தது. மூதாதையர் வகுத்ததாகக் கருதப்படும் ‘ஃபாதி’ என்ற விலக்குகளே பல இடங்களில் காட்டுக்கும் விலங்குக்கும் காவலாக இருந்தன; இந்திரியைத் தம் முன்னோரின் உறவாகக் கருதிக் கொல்லாதிருந்த ஊர்கள் பல. வேறிடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர்க்கு அந்த ஊர்களின் விலக்குகள் கட்டுப்பாடாக இல்லாததால் அந்தக் காவல் தளர்ந்து வருகிறது.

1953க்கும் 2014க்கும் இடையே தீவு தன் இயற்கைக் காட்டில் ஏறத்தாழ 44 விழுக்காட்டை இழந்தது. 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்ட 107 லெமூர் இனங்களில் 103 அழிவின் அச்சுறுத்தலில் இருந்தன. அவற்றுள் 33 இனங்கள் மிக மோசமான நிலையில். மேட்டுநிலத்தின் செம்மண் குன்றுகள் ‘லவாகா’ எனப்படும் பெரும் பிளவுகளாகச் சரிந்து, பெத்சிபோகா ஆற்றைச் செங்குழம்பாக்கிக் கடலில் சேர்க்கின்றன. தீவு முழுதும் ஒருகாலத்தில் காடாக இருந்தது, மலகாசிகளே எரித்துப் புல்வெளியாக்கினர் என்று 1896 முதல் 1960 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் காலத்துத் தாவரவியலாளர் எழுதியது பலகாலம் ஐயமின்றி ஏற்கப்பட்டது. அப்புல்வெளிகளில் வேறெங்கும் இல்லாத புல்லினங்கள் பல இருப்பதாலும், லவாகாக்கள் பல மனிதர் வருமுன்பே தோன்றியவை என்பதாலும், அக்கூற்று இப்போது வலுவிழந்துள்ளது. காபித் தோட்டங்களுக்கும் மரத்துக்கும் குடியேற்ற ஆட்சியே காடுகளை அழித்ததை மறைக்க அது வசதியாக இருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

இன்று எஞ்சியுள்ள கிழக்கு மழைக்காட்டுக்குப் பெரிய அச்சுறுத்தல் நெல்லைச் சார்ந்தது. மூன்று வேளையும் சோறுண்ணும் மக்கள் மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பல் உரத்தில் ஓரிரு ஆண்டு மானாவாரி நெல் விதைத்து, மண் களைத்ததும் அடுத்த சரிவுக்கு நகரும் ‘தவி’ முறையைக் கைக்கொள்கின்றனர். பள்ளத்தாக்கு வயல்களில் விளைச்சலைக் கூட்டினால் சரிவுகள் தப்பும் என்ற எண்ணத்துக்கு உரமூட்டியவர், 1961இல் அங்கு வந்த பிரெஞ்சு இயேசுசபைத் துறவி ஹென்றி டி லௌலானியே. 1983இல் அந்த்சிராபே நகருக்கு அருகே, மழை தவறிய சூழலில் வழக்கத்துக்கு மாறாகப் பதினைந்து நாள் நாற்றையே பிடுங்கி நட நேர்ந்தபோது, அது பன்மடங்கு தூர்விட்டதை அவர் கவனித்தார். இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, அகன்ற சதுர இடைவெளியில் நட்டு, வயலில் நீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டு, உருளும் களைக்கருவியால் மண்ணைக் கிளறிவிடும் அந்த முறையே, 2000களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு வந்து, காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதி உழவர்களின் வயல்களில் பரிசோதிக்கப்பட்டு, செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி, ஒற்றை நாற்று நடவு என்ற பெயர்களில் தமிழகத்தில் பரவியது.

தாயகத்தில் அது அவ்வளவாக நிலைக்கவில்லை. விளைச்சல் கூடியதைக் கண்ணால் கண்ட மலகாசி உழவர்களில் பலர் சில பருவங்களுக்குப் பிறகு அதைக் கைவிட்டதைக் கிறிஸ்டின் மோசர், கிறிஸ்டோபர் பாரெட் ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு பதிவுசெய்தது. இளநாற்றைப் பக்குவமாக நடவும், மீண்டும் மீண்டும் களையெடுக்கவும், நீரை நாள்தோறும் கண்காணிக்கவும் மிகுந்த உழைப்பு வேண்டும். அந்த வேலை வருவதோ, பழைய நெல் தீர்ந்து புதிய நெல் வராத பஞ்ச மாதங்களில். அப்போது ஏழை உழவர் அன்றைய அரிசிக்காகப் பிறர் வயலில் கூலிக்குப் போயாக வேண்டியிருப்பதால், கூடுதல் விளைச்சல் தரும் என்று தெரிந்தும் தம் வயலுக்கு அந்த உழைப்பைத் தர இயலுவதில்லை. பள்ளத்தாக்கில் நீர்ப்பாய்ச்சலுள்ள வயலே இல்லாதவர்க்கு அந்தத் தெரிவும் கிடையாது. அவர்கள் மழைக்கு முந்தைய மாதங்களில் சரிவின் அடுத்த பகுதியை வெட்டிக் காயவிட்டுத் தீ வைக்கின்றனர்.